சுபேதார் அண்ணாச்சிக்கு ஒரு ரீல்

ட்ரோலிங்குக்குத் தூண்டில் ரீல் கேட்டு ஆள் வந்தால் எதை எடுத்துக் காட்டுவது என்று போன வாரம் போனில் கேட்டீர்கள். நான் நம் தூண்டில் கடையை விட்டு வந்த பிறகும், அங்கே வேலை பார்க்கிற நீங்கள் இந்தக் கேள்விக்கு என்னைத் தேடுகிறீர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். படகை மெல்ல ஓட்டிக்கொண்டே மீன் மாதிரிச் செய்த போலி இரையான லூரைப் பின்னால் இழுத்துப் போகிற வேலை அது. லூர் எந்த ஆழத்தில் போகிறது என்பது தூண்டில் பிடிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும், அதற்குத் தோதான ரீலைக் கொடுங்கள் என்று சொன்னேன். சொன்னதில் தப்பில்லை. ஆனால் அதில் பாதிதான் இருக்கிறது. மீதியைச் சொல்ல சுபேதார் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் சிவகிரிக்காரர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரமான ஆள், நிமிர்ந்த நடை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. எப்படிப் போயின என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. சாரல் தொடங்கின ஒரு காலைப்பொழுதில் தென்காசியில் நம் கடைக்கு வந்து, வடகரைக்கு மேற்கே உள்ள அணையில் வாளை பிடிக்க வேண்டும் என்றார்.

அந்த அணையின் மீன்பிடி ஏலம் எடுத்திருந்தவருக்கு வாளை என்றாலே ஆகாது. அவர் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை வாங்கித் தண்ணீரில் விட, வாளை அவற்றைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. அதனால் நம் கடை மூலமாக வருகிறவர்களுக்கு மட்டும் தூண்டில் போட அனுமதி கொடுத்திருந்தார். அவருடைய பைபர் படகு, அதை ஓட்ட முப்பிடாதி. வடகரைப் பெண், நாற்பது வயது இருக்கும். என்ஜின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவாள்.

"எந்த ஆழத்துலம்மா கெடக்கும்?" என்று கடையில் என்னிடம் கேட்டார் சுபேதார்.

"பழைய ஆத்துப் பள்ளத்துல, அண்ணாச்சி. அங்கன மரம் வெட்டுன அடிக்கட்டைங்க நெறைய நிக்கி. லூரு கட்டைக்கு மேல ஒட்டிப் போகணும். ரொம்ப மேல போனா வாளை ஏறி வராது. கொஞ்சம் கீழ எறங்குனாலும் கட்டையில மாட்டிக்கும்."

சொல்லிவிட்டு ஒரு டிரம் ரீலை எடுத்து வைத்தேன். பக்கவாட்டில் லீவர் உள்ளது. லீவரை முன்னால் தள்ளினால் பிடி இறுகும், பின்னால் தள்ளினால் ரீல் மொத்தமாக விடுபட்டு லைன் தன்பாட்டுக்கு ஓடும். அதில் பத்து மீட்டருக்கு ஒரு நிறம் மாறுகிற பிரெய்டு என்கிற பின்னல் நூல் லைன் சுற்றியிருந்தது. எத்தனை நிறம் வெளியே போயிருக்கிறது என்று பார்த்தால் லூர் எந்த ஆழத்தில் போகும் என்று கணிக்கலாம். லீவரைத் தள்ள விரல்கூட வேண்டாம், உள்ளங்கை போதும் என்று காட்டினேன்.

காட்டியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகம் மாறிவிட்டது.

"எனக்குன்னு தனியா ஒண்ணும் வேண்டாம்மா," என்று பையிலிருந்து தன் ஸ்பின்னிங் ரீலை எடுத்தார். நல்ல ரீல்தான். வேலையில் இருந்த காலத்தில், கை முழுசாக இருந்தபோது வாங்கியது. எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "இத வச்சு எந்தெந்த ஊரு ஆத்துல எல்லாம் புடிச்சிருக்கேன் தெரியுமா?"

"ரீலுல குறை இல்ல அண்ணாச்சி. ஆனா லைன இறுக்கித் தளத்துற டிராக் குமிழு முன்னால இருக்கு. அவசரத்துக்குத் தளத்தணும்னா விரலு போட்டுத் திருகணும்."

அவர் தன் கையைப் பார்த்தார். நான் ரீலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி. ரெண்டும் வரட்டும்," என்றார் கடைசியில். "கடை ரீலை நீ கொண்டு வா. என்னத நான் கொண்டு வாரேன். தண்ணியில பாத்துக்கிடுவோம்."

இந்த இடத்தில் உங்களில் சிலர் 'பிடிவாதக்காரர்' என்று நினைப்பீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு மனுஷன் தன் கையால் செய்துவந்த ஒன்றை இனி முடியாது என்று கடை கவுண்டரில் நின்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

நாங்கள் போன அன்று அணைப் பக்கம் மழை இல்லை. மலை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக் கிடந்தது. மூன்று பேரும் லைஃப் ஜாக்கெட் போட்டோம். பின்பக்கம் என்ஜினைப் பிடித்துக்கொண்டு முப்பிடாதி, அவளுக்கு இடதுபுறம் சுபேதார். எடை சமமாக இருக்க நான் முன்பக்கம் உட்கார்ந்தேன். கடை ரீல் போட்ட தூண்டில் படகின் வலது விளிம்பில் என் கைக்கு எட்டுகிற மாதிரி மாட்டியிருந்தது. அவருடையது இடது பக்கம், அவர் அருகில். ஆறு அணைக்குள் வந்து சேரும் வாய் வரை போய், அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பி லூர்களை விட்டோம்.

என் லைனில் நிறத்தைப் பார்த்து நிறுத்தினேன். அவர் லைன் முழுக்க ஒரே கரும்பச்சை, நூல் மாதிரி மெல்லியது. மெல்லிய லைன் தண்ணீரை எளிதாக அறுத்துக்கொண்டு போகும், லூர் அதிகம் இறங்கும். போதாததற்கு அவர் போட்டிருந்தது மூழ்குகிற வகை லூர். படகு ஓடுகிற வரைக்கும் மேலே நிற்கும். வேகம் குறைந்தால் நேராக அடிக்குப் போய்விடும்.

"அண்ணாச்சி, கொஞ்சம் சுருட்டிக்கோங்க. ஆழம் கூடிட்டு."

"இருக்கட்டும்மா. பெருசு கீழதான் கெடக்கும்."

அந்த நேரத்தில் என் போன் அடித்தது. கடையில் என்னோடு வேலை பார்த்த தங்கம், குற்றாலத்தில் இருந்து பஸ்ஸில் வருகிறவள்.

"அக்கா, எங்கன இருக்கிய? மெயினருவில குளிச்ச ஆளு அம்புட்டையும் வெளியேத்திட்டாங்க. ஐந்தருவியிலயும் அப்படித்தானாம். தண்ணி செவசெவன்னு விழுதுக்கா."

குற்றால மலையும் இந்த அணைக்குத் தண்ணீர் கொடுக்கிற மலையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. அங்கே சிவப்பாக விழுந்தால் இங்கே என்ன வரப்போகிறது என்று யாரும் சொல்லித் தரவேண்டாம். நான் திரும்பி, "சுருட்டுங்க அண்ணாச்சி, கரைக்குப் போயிருவோம்," என்றேன்.

"இங்கன ஒரு துளி இல்லியேம்மா. இன்னும் ஒரு சுத்து போயிட்டு வந்துருவோம்."

"ஒரு சுத்தும் வேண்டாம். மலையில வெள்ளம்."

நான் பேசுவது காதில் விழட்டும் என்று முப்பிடாதி என்ஜினைத் தணித்திருந்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவருடைய லூர் அடிக்கு இறங்கிவிட்டது. தூண்டில் பட்டென்று வளைந்தது.

"அடிச்சிட்டு!" என்று எழுந்துவிட்டார் சுபேதார்.

மீன் அடித்தால் தூண்டில் கம்பு ஆடும். இது ஆடவில்லை. "கட்டை அண்ணாச்சி, கட்டை! டிராக்கைத் தளத்துங்க!"

அவர் வலது கையைக் குமிழின் மேல் வைத்துத் திருகினார். இருக்கிற விரல்களும் உள்ளங்கையும் ஈரத்தில் வழுக்கின. அது தளரவில்லை. படகு விலக விலக லைன் விறைத்துக்கொண்டே போனது. பிறகு அவர் செய்தது, தூண்டில் பிடித்துப் பழகிய எத்தனையோ பேர் யோசிக்காமல் செய்கிற காரியம். லைனைக் கையால் இழுத்து அறுத்துவிடலாம் என்று, நல்ல கையான இடது கையில் அதைச் சுற்றிவிட்டார்.

"கையில சுத்தாதீங்க!" என்று நான் கத்தி முடிக்கவில்லை. வெள்ளம் வந்துவிட்டது.

சுவர் மாதிரி எழுந்து வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் மண் வாசம் வந்தது. பிறகு தண்ணீரின் நிறம் ஆற்று வாயிலிருந்து எங்களை நோக்கி மாறிக்கொண்டே வந்தது. சருகு, தென்னமட்டை, வேரோடு ஒரு செடி. அவ்வளவுதான். ஆனால் படகை அடியிலிருந்து யாரோ பிடித்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. படகு வெள்ளத்தோடு போகப் பார்க்கிறது, கட்டையில் மாட்டிய லைன் பின்னால் பிடித்து இழுக்கிறது, நடுவில் சுபேதாரின் இடது கை. அவரை அப்படியே விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய்க் கையைத் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்த முகம் மட்டும் தெரிந்தது. படகின் பின்பக்கம் தாழ்ந்து, செம்மண் தண்ணீர் உள்ளே ஏறியது.

பிரெய்டு அறுக்கும் கத்தரி என் கழுத்தில் தொங்கியது. நான் எழுந்து ஓரடி பின்னால் வைத்தேன். அவ்வளவுதான், பின்பக்கம் இன்னும் தாழ்ந்து தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. நின்றுவிட்டேன். நான் அங்கே போய்ச் சேர்ந்தால் மூன்று பேருமே தண்ணீரில்தான். கத்தரியை முப்பிடாதிக்கு எறியலாம். அதைப் பிடிக்க அவள் என்ஜின் கைப்பிடியை விட்டால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும்.

"யக்கா, ரிவர்ஸ் போடட்டா?" என்று கத்தினாள்.

பின்னால் போனால் லைன் தளரும். எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் தாழ்ந்து கிடக்கிற பின்பக்கத்தை வெள்ளத்துக்கு எதிராகத் தள்ளினால் மொத்தத் தண்ணீரும் உள்ளே வந்துவிடும்.

"வேண்டாம்! இடது பக்கமா வெட்டித் திருப்பு! வெள்ளத்தைப் பாத்து ஏத்து!"

இடது பக்கம் என்றதற்குக் காரணம் உண்டு. அப்படித் திரும்பினால் அவர் இருக்கிற பக்கம் கட்டையைப் பார்த்து வரும், கையைப் பிடித்திருக்கிற லைன் படகுக்கு அடியில் போகாது. ஆனால் வலது பக்கம் இருக்கிற என் லைன் போகும். நேராக என்ஜின் விசிறியில் சுற்றும். விசிறி நின்றால் எல்லாம் முடிந்தது.

நான் என் தூண்டில் பக்கம் திரும்பிய அதே நேரத்தில் அந்த ரீல் அலறியது.

உங்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். லைன் வேகமாக ஓடும்போது கிளிக்கர் போடுகிற சத்தம். தூண்டில் வளைந்து வளைந்து ஆடியது. நாங்கள் எதற்காக வந்தோமோ அது அங்கே மாட்டியிருந்தது. பின்னால் தண்ணீருக்குள் கை சிக்கிக் குப்புறக் கிடக்கிற மனுஷன் தலையைத் தூக்கி, "மீனும்மா! அறுத்துராத!" என்று கத்தினார்.

அறுத்தேன்.

கம்பு நிமிர்ந்து நின்றது. "திருப்புட்டி!" என்றேன். முப்பிடாதி என்ஜினை முழு வேகத்தில் முறுக்கினாள். படகு குறுக்கே வந்த நேரம்தான் மோசமானது. அவர் எடை இருந்த பக்கமே வெள்ளத்தின் பக்கமாக வந்தது. நான் வலது விளிம்பில் ஏறி, உடம்பு பாதி வெளியே தொங்க உட்கார்ந்தேன். ஒரு மட்டை வந்து படகில் மோதியது. இந்த என்ஜின் மட்டும் இப்போது நிற்கக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. பிறகு முன்பக்கம் வெள்ளத்தைப் பார்த்துத் திரும்பியது. படகு முக்கி முக்கி மேலே ஏற, லைன் மெல்லத் தொய்ந்தது.

அவருக்கு விரலை விரிக்க முடியவில்லை. முன்பக்கம் ஏறி, பின்பக்கம் இழுபடாமல் இருந்ததால் இப்போது நான் தவழ்ந்து போக முடிந்தது. அவர் கைக்கு அப்பால் தண்ணீருக்குள் கத்தரியை விட்டு லைனை வெட்டினேன். கையை மேலே தூக்கியபோது பிரெய்டு சதைக்குள் புதைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன்.

"மீன அறுத்துட்டியேம்மா," என்றார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

என் துண்டைக் கட்டி, கரையேறி, ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். வழியில் ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "சட்டைக்குப் பட்டன் போட இந்தக் கைதாம்மா இருக்கு. வீட்டுக்காரி போனப்புறம் வீட்டுல நான் மட்டுந்தான்." கையில் கிடந்த கத்தரியைக் கழுத்தில் திரும்ப மாட்டத் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

தையல் போட்டார்கள். விரல்கள் தப்பின. உணர்ச்சி திரும்பக் கொஞ்ச காலம் ஆகும் என்றார் டாக்டர்.

பிற்பாடு இதைக் கேட்ட எல்லோரும் அந்த மீனைப் பற்றித்தான் விசாரித்தார்கள். சுபேதாரின் லைன்தானே சிக்கியது, ஒழுங்காக இருந்த லைனை எதற்கு அறுத்தாய் என்று கேட்டார்கள். நீங்களும் ஒருநாள் வாடிக்கையாளரோடு தண்ணீரில் இருப்பீர்கள் என்பதால் சொல்கிறேன். அவசரத்தில் கண் எல்லாம் சிக்கிய இடத்திலேயே நிற்கும். அடுத்தது எது சிக்கும் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். அன்று அந்த வேலை என்னுடையதாக இருந்தது. மீன் மாட்டியதால் அது நல்ல லைன் என்று ஆகிவிடாது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அதுவே எங்களைக் கொன்றிருக்கும்.

தையல் பிரித்த பிறகு ஒருநாள் சுபேதார் கடைக்கு வந்தார். மத்தியான நேரம், தங்கம் சாப்பிடப் போயிருந்தாள். கவுண்டர் கண்ணாடி மேல் இரண்டு கைகளையும் வைத்து நின்றார். இடது உள்ளங்கையில் குறுக்கே சிவப்பாகத் தழும்பு.

"அன்னைக்கு உன்னய வையணும்னு இருந்துச்சும்மா. ஆட்டோவுல வாரப்ப கூட."

"தெரியும் அண்ணாச்சி."

"ஒரு ரீலு காட்டு."

"எது வேணும்?"

"எனக்கென்ன தெரியும்? நீ காட்டு. எனக்குத் தோதா காட்டு."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் உடனே வேலையைப் பார்த்தேன். கடையின் இரும்புக் கதவுக் கைப்பிடியில் லைன் நுனியைக் கட்டினேன். மறுமுனையில் ரீல், கம்பு, அவர். "நல்லா இழுத்துப் பிடிங்க அண்ணாச்சி. நான் 'விடுங்க'ன்னு சொன்ன ஒடனே விடணும். எப்படி விட்டாலும் சரி."

முதல் ரீலில் ஸ்டார் மாதிரிச் சக்கரத்தைத் திருகித் தளர்த்த வேண்டும். அவர் திருகி முடிப்பதற்குள் நான் இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டேன். அடுத்ததில் பொத்தான், அது சிறியதாக இருந்தது. அதற்கடுத்ததில் லீவர். ஆனால் கைப்பிடிக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததால் உள்ளங்கை இடித்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினோம். ஏதோ கொக்கி வாங்க வந்த ஒருவர் வேலையை மறந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். சுபேதார் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. வலது கையின் அடிப்பாகத்தால் தள்ளிப் பார்த்தார், மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தார். நெற்றியில் வேர்வை.

நீள லீவர் உள்ள ஒரு ரீலில், நான் "விடு..." என்று வாயெடுத்ததும் கதவு ஆடி நின்றது. லைன் தரையில் தொய்ந்து விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை.

நிறம் மாறுகிற லைனைத்தான் அதில் சுற்றிக் கொடுத்தேன். மூழ்குகிற லூரை எப்போது சுருட்டத் தொடங்க வேண்டும், படகு தணிவதற்கு முன்னால் ஏன் சுருட்ட வேண்டும் என்று பேசினோம். ஆழத்தைப் பற்றி இந்த முறை அவரே நிறைய கேட்டார்.

கதவில் கட்டி இழுத்துப் பார்க்கிற வழக்கம் அன்று தொடங்கியதுதான். இப்போது நீங்கள் அதை விளையாட்டாகச் செய்கிறீர்கள் என்று தங்கம் சொல்கிறாள். செய்யுங்கள், சிரித்துக்கொண்டே செய்யுங்கள். ஆனால் செய்யாமல் ட்ரோலிங்குக்கு ரீல் கொடுத்து அனுப்பாதீர்கள். இரண்டு கையும் முழுசாக உள்ளவர்களுக்கும் அதேதான். எவ்வளவு பெரிய மீனை இழுக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். எந்த ஆழத்துக்கு என்று நீங்கள் கேளுங்கள். பிறகு கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போங்கள்.

மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு சுபேதார் மறுபடி அணைக்குப் போனார். நான் போகவில்லை, கடையில் ஆள் இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எதையோ துடைப்பதும் வாசலைப் பார்ப்பதுமாக இருந்தேன். சாயங்காலம் முப்பிடாதி கூப்பிட்டாள்.

"யக்கா, மீனு ஒண்ணும் படல."

"அத விடு. அவரு எப்படி இருக்காரு?"

"ஆத்துப் பள்ளத்துல திரும்பையில கட்டையில மாட்டிட்டுக்கா. கத்தலாம்னு வாயத் தொறக்கேன், அதுக்குள்ள அவரு லீவரத் தள்ளி லைன விட்டுட்டாரு. லைன் பாட்டுக்குப் போவுது, இவரு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. 'மெதுவாத் திருப்பும்மா, போயி எடுத்துக்கிடுவோம்'ங்காரு."